உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னாடி பேசினவங்க கடன் வாங்கித் தொழில் செஞ்சு முன்னேறின கதையைச் சொன்னாங்க. நானும் தையல் மிஷினுக்குக் கடன் வாங்கினவதான், முழுசா கட்டியும் முடிச்சேன். ஆனா இன்னிக்கு என் மகனைப் பத்திப் பேச அனுமதி கேட்டு வந்திருக்கேன்.

அவனுக்கு இப்போ ஒன்பது வயசு. ஆட்டிசம் இருக்கு. கூப்பிட்டா திரும்ப மாட்டான். நாம சொன்ன வார்த்தையையே திருப்பிச் சொல்லுவான். மிக்ஸி ஓடினா காதைப் பொத்திக்குவான். சந்தோஷம் வந்தா கையை உதறிக்கிட்டே குதிப்பான். புளியங்கொட்டை, பாட்டில் மூடி எது கிடைச்சாலும் வரிசையா அடுக்குவான். அதில் ஒண்ணு கலைஞ்சா போச்சு, ஊரே கேக்குற மாதிரி அழுவான்.

"மூணு வயசு வரைக்கும் அவங்க அப்பாவும் பேசலை"ன்னு வீட்டில் சொன்னாங்க. மந்திரிச்சுக் கயிறு கட்டச் சொன்னாங்க. "நீ மிஷினே கதின்னு இருந்தே, பிள்ளையை யார் கொஞ்சினா?"ன்னும் கேட்டாங்க. அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடலை. அம்மா பாசம் காட்டாததுதான் காரணம்னு ஒரு காலத்தில் வெளிநாட்டு டாக்டர்களே சொல்லிக்கிட்டு இருந்தாங்களாம். அமெரிக்காவில் பெர்னார்ட் ரிம்லாண்ட்னு ஒருத்தர், அவர் மகனுக்கும் ஆட்டிசம், 1964ல் புத்தகமே எழுதி அதை மறுத்தார். இது மூளை வளர்ச்சியில் உள்ள வித்தியாசம். வளர்ப்பால் வர்றதில்லை, தடுப்பூசியால் வர்றதில்லை, பக்கத்தில் உட்கார்ந்தா ஒட்டிக்கவும் செய்யாது. இதை யாராவது எனக்கு நாலு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா எவ்வளவோ அழுகை மிச்சம்.

அவனுக்கு அஞ்சு வயசு இருக்கும்போது குழுக் கூட்டத்துக்குக் கூட்டிட்டு வந்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவோம், உங்களுக்கே தெரியும். அவன் கத்திக்கிட்டே தீர்மானப் புத்தகத்தைக் கிழிச்சுட்டான். "அடுத்த தடவை வீட்டிலேயே விட்டுட்டு வாம்மா"ன்னு ஒரு குரல் வந்துச்சு. யார்கிட்ட விடுறது? மூணு மாசம் நான் வரலை. சேமிப்புப் பணத்தை மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

என் பங்குக்கு நானும் தப்பு செஞ்சேன். அவனுக்கு ஒரு ஃபிரண்டு கிடைக்கணும்னு, பிறந்த நாளுக்குத் தெருப் பிள்ளைங்க பத்து பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டேன். கேக், பலூன், பாட்டு. முதல் பலூன் வெடிச்சதும் கட்டிலுக்கு அடியில் போனவன், ராத்திரி வரைக்கும் வெளியே வரலை. பிள்ளைங்க கேக்கைத் தின்னுட்டுப் போயிடுச்சுங்க. "அண்ணனைப் பாரு, கை கொடு, பேரைச் சொல்லு"ன்னு அன்னிக்கு அவன் முகத்தைப் பிடிச்சுத் திருப்பினதை நினைச்சா இப்பவும் மனசு உறுத்துது.

மாவட்ட அரசு மருத்துவமனையில் ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இருக்கு. அங்கே பயிற்சி கொடுக்கிற மேடம் என்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "அவன் ஆட்டத்துக்குள்ள நீங்க என்னிக்காவது போயிருக்கீங்களா?" நான் முழிச்சேன். அவன் அடுக்குறதை ஆட்டம்னே நான் நினைச்சதில்லை. எப்படா நிறுத்துவான்னுதான் பார்த்திருக்கேன்.

அந்த ஆட்டத்துக்குள்ள முதல்ல போனது நான் இல்லை. எங்க குழு அக்கா ஒருத்தரோட மகள், நாலாவது படிச்சுக்கிட்டிருந்தா. ஜாக்கெட் வாங்க வந்த பிள்ளை, கொக்கி கட்டி முடியட்டும்னு திண்ணையில் உட்கார்ந்தா. அவன் புளியங்கொட்டை அடுக்கிக்கிட்டு இருந்தான். அவ ஒண்ணும் பேசலை. வரிசை முடியுற இடத்தில், அதே இடைவெளி விட்டு, ஒரு கொட்டையை வச்சா. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன், இப்போ கத்தப் போறான்னு. அவன் கத்தலை. அடுத்ததை அவன் வச்சான். அப்புறம் கையை மடியில் வச்சுக்கிட்டு சும்மா இருந்தான். அவ முகத்தைப் பார்க்கலை, ஆனா அவ கைக்காகக் காத்திருந்தான். என் மகன் இன்னொரு பிள்ளைக்காகக் காத்திருந்ததை அன்னிக்குத்தான் முதல்ல பார்த்தேன்.

மறுநாளும் அதே நேரத்துக்கு வரச் சொன்னேன். கால் மணி நேரம்தான். பல்லாங்குழியை எடுத்துக் கொடுத்தேன். பதினாலு குழி, ஆளுக்கு ஏழுங்கிற சட்டமெல்லாம் அவன்கிட்ட செல்லலை. அந்தப் பிள்ளையே ஒரு ஆட்டத்தை உண்டாக்கினா. "உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு"ன்னு சொல்லிக்கிட்டே மாத்தி மாத்திப் போடுறது, அவ்வளவுதான். முடியப் போகுதுன்னா "இன்னும் மூணு குழி"ன்னு முன்கூட்டியே சொல்லிடுவா. திடீர்னு நிறுத்தினாத்தான் அவனுக்குத் தாங்காது.

ஒரு மாசம் கழிச்சு அவளுக்குக் காய்ச்சல், ரெண்டு நாள் வரலை. அவன் பல்லாங்குழியை எடுத்துட்டுப் போய் வாசப்படியில் நின்னுக்கிட்டு, தெருவைப் பார்த்து "உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு"ங்கிறான். திரும்பத் திரும்பச் சொல்றான். அது அவளோட பேரு. அவன் வச்ச பேரு.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சிடாதீங்க. சொன்னதைத் திருப்பிச் சொல்றான்னு தெரிஞ்சுக்கிட்டு, தெருப் பையன் ஒருத்தன் கெட்ட வார்த்தையைச் சொல்லிக் கொடுத்துச் சொல்ல வச்சான். சுத்தி நின்னு சிரிச்சாங்க. என் மகனும் கூடச் சிரிச்சான், விளையாட்டுன்னு நினைச்சு. அந்தப் பையனோட அம்மாவும் நம்ம உறுப்பினர்தான். நான் சண்டைக்குத்தான் போனேன். ரெண்டு பேரும் அழுதுட்டு வந்தோம். அந்தப் பையன் இன்னும் நண்பனாகலை. ஆனா இப்போ சிரிக்கிறதில்லை, மத்தவனையும் சிரிக்க விடுறதில்லை. அதுக்காக அந்த அக்காவுக்கு இந்த மேடையில் நன்றி சொல்லிக்கிறேன்.

சலுகை விவரம் நம்ம ஊக்குநர்கிட்ட கேளுங்க. 2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கு, சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்கலாம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் மருத்துவச் செலவுக்கு வழி இருக்கு. பொம்பளைப் பிள்ளைங்களையும் கவனிங்க, "அமைதியான பொண்ணு"ன்னு சொல்லியே பல பேரைத் தெரியாம விட்டுடுறோம்.

ஆனா ஃபிரண்டுக்கு எந்த ஆபீசிலும் மனு கொடுக்க முடியாது. அதை உங்ககிட்டதான் கேக்கணும். உங்க பிள்ளைங்க கேப்பாங்க, "அவன் ஏன் அப்படி இருக்கான்?"னு. "உஸ், பேசாதே"ன்னு வாயை அடைக்காதீங்க. "அவனுக்குச் சத்தம் வலிக்கும். அவன் பார்க்காட்டியும் நீ சொல்றது கேக்கும்"னு சொல்லுங்க, பிள்ளைங்க நம்மைவிடச் சீக்கிரம் புரிஞ்சுக்கும். பத்துப் பேரை அனுப்பாதீங்க, ஒரு பிள்ளை போதும். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே ஆட்டமா இருக்கட்டும். மண்ணு, ஊஞ்சல், டயர் உருட்டுறது எதுவானாலும் சரி. அவன் எழுந்து போனா இழுத்து உட்கார வைக்காதீங்க, திரும்பி வருவான். பெரியவங்க ஒருத்தர் கண் பார்வையில் இருக்கணும், கிணறு குளம் பக்கம் போயிடுற பிள்ளைங்க உண்டு. மத்தபடி நடுவில் புகுந்து பாடம் நடத்தாதீங்க. நான் புகுந்தப்பெல்லாம் ஆட்டம் கெட்டுச்சு.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை வச்சிருக்கேன், தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கச் சொல்லித் தலைவி அக்காவைக் கேட்டுக்கிறேன். மாதக் கூட்டம் நடக்கும்போது பக்கத்து அறையை மைக் சத்தம் இல்லாம பிள்ளைங்களுக்கு விடணும். என்னை மாதிரி கூட்டத்துக்கு வராம நின்னுபோன அம்மாக்கள் நம்ம ஊராட்சியிலேயே இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. அவங்களைக் கூட்டிட்டு வர்ற பொறுப்பு என்னுது. பாய் விரிச்சு, பல்லாங்குழியும் புளியங்கொட்டையும் நானே கொண்டு வர்றேன். நீங்க ஆளுக்கொரு பிள்ளையை அனுப்புங்க.