நம்ம மண்ணுல அளந்துட்டு அப்புறம் கணக்கு சொல்லு!

பெரம்பலூர், அரியலூர் மாவட்ட விவசாயப் பெருமக்களே, தாய்மார்களே!

உலகம் சூடாவதற்கு வயலும் ஒரு காரணம் என்கிறார்கள். இல்லை என்று சாதிக்க நாங்கள் வரவில்லை. தண்ணி கட்டி நிற்கிற நெல் வயல் சேற்றில் மீத்தேன் உண்டாகிறது. குன்னம், வேப்பந்தட்டை பக்கம் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் போடுற யூரியாவில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகப் பறக்கிறது. அது கரியமில வாயுவைப் போல 273 மடங்கு சூடேற்றும். சரி, எவ்வளவு பறக்குது? எந்த வயலில் அளந்தீங்க? இதுதான் நம்ம கேள்வி!

பழைய கதை ஒன்று கேளுங்கள். 1990 வாக்கில் அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்திய நெல் வயல்களிலிருந்து ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் வருவதாகக் கணக்குக் கட்டியது. வெளிநாட்டு வயலில் எடுத்த அளவை நம்ம நாட்டு ஏக்கரால் பெருக்கிய கணக்கு! டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி.மித்ரா தலைமையில் நம் விஞ்ஞானிகள் 1991-ல் வயலில் இறங்கி அளந்தார்கள். வந்தது சுமார் 40 லட்சம் டன். மீதியெல்லாம் நம்ம தலையில் கட்டிய பழி.

அளக்கிறது மாயவித்தை இல்லை. அடி திறந்த பெட்டியை மண்மேல் கவிழ்த்து, காற்றுப் போகாமல் அடைத்து, சில நிமிடத்துக்கு ஒருதரம் ஊசிக்குழாயால் உள்காற்றை உறிஞ்சி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். சிக்கல் எங்கேன்னா, உரம் போட்டு மழை பெய்த சில நாளில்தான் நைட்ரஸ் ஆக்சைடு குபீரென்று கிளம்பும். காய்ந்த கரிசலில் ஒருநாள் பெட்டி வைத்தால் ஒண்ணும் அகப்படாது. மழைக்கு மறுநாள் மட்டும் வைத்தால் அநியாயத்துக்குக் கூடும். விதைப்பிலிருந்து அறுவடை வரை அளக்கணும்.

அளக்காத மண்ணுக்கு உலகப் பொதுக்கணக்கு, போட்ட தழைச்சத்தில் நூற்றுக்கு ஒன்று. அதன்படி 45 கிலோ யூரியா மூட்டை சுமார் 90 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். சிமெண்ட் சூளையில் ஒரு டன் சுத்தமான சுண்ணாம்புக்கல் வெந்தால் 440 கிலோ. எரிக்கிற நிலக்கரி தனி. அரியலூர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லணுமா என்ன?

இப்போது கார்பன் கிரெடிட் என்று ஒப்பந்தங்கள் வருகின்றன. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல்லுக்குத் தண்ணி விட்டால் மீத்தேன் குறையும், உண்மை. ரொம்பக் காயவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு கூடும் என்று தென்னிந்திய வயல்களில் அளந்து 2018-ல் வெளியிட்டார்கள். ஆகவே எங்கள் கோரிக்கை: நம்ம கரிசலிலும், திருமானூர், தா.பழூர் நெல் வயலிலும் முழுப் பருவம் அளக்க வேண்டும். முடிவைத் தமிழில் கிராம சபையில் படிக்க வேண்டும். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்!

அளக்க வருகிறவர்களைத் தடுக்க வேண்டாம். வரப்பில் கூட நில்லுங்கள். உரம் போட்ட தேதி, மூட்டை எத்தனை, மழை பெய்த தேதி மூன்றையும் இந்தப் பருவத்திலேயே நோட்டில் எழுத ஆரம்பியுங்கள்.