உப்புக் கணக்கு

"நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து என்னென்ன சாப்பிட்டீங்கம்மா?" உணவுக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போகிற நாங்கள் கேட்கும் முதல் கேள்வி இது. "என்னத்தப் பெரிசா சாப்பிட்டேன்!" என்பதுதான் அநேகமாக வரும் பதில். காப்பி கணக்கில் வராது. சாயங்காலம் கொறித்த மிக்சரும் வராது. ஒரு டம்ளர் பால் என்றால் அந்த டம்ளரையே வாங்கி, தண்ணீர் நிரப்பி, எங்கள் அளவுக் குவளையில் ஊற்றிப் பார்ப்போம். எண்ணெய்க்கு, ரேஷன் பாமாயில், கடையில் வாங்கியது எல்லாவற்றையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று வகுப்போம். வகுத்தால் எல்லோருக்கும் சம பங்கு வந்துவிடும். கடைசியில் உட்கார்ந்து, சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிற பெண்ணுக்கு அது பொருந்துமா? அவரைத் தனியாகக் கேட்க வேண்டும். முடிந்தால் மாமியார் பக்கத்தில் இல்லாதபோது.

உப்புதான் எந்தக் கேள்விக்கும் பிடிகொடுக்காது. குழம்பில் கைக்கு வந்தபடி போடுவது ஒரு பக்கம். ஊறுகாய், அப்பளம், கருவாடு இன்னொரு பக்கம். ஆனால் உப்பாகச் சாப்பிட்ட சோடியத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரில் வெளியேறிவிடும். ஆகவே ஒரு நாள் சிறுநீர் முழுவதையும் சேகரிக்கிறோம். (சாப்பிட்டுக்கொண்டே கேட்பவர்கள் மன்னிக்கவும்.) காலையில் முதலில் போவதை விட்டுவிட்டு, மறுநாள் காலை முதலில் போவது வரை அத்தனையும் கேனில் சேர வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிற ஓர் அக்கா, "இதைத் தூக்கிட்டு ஏரிக்கரைக்குப் போனா ஊரே சிரிக்காதா?" என்றார். நியாயம்தானே! கேனை மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தோம். "தண்ணி கேனுன்னு யாராவது குடிச்சிடப் போறாங்க" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். மறுநாள் சரியாகக் கொண்டுவந்தும் கொடுத்தார்.

இப்படிக் கேன் தூக்கியவர்கள் உலகெங்கும் உண்டு. உப்பையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்து 1988-இல் வெளிவந்த 'இன்டர்சால்ட்' ஆய்வில் 32 நாடுகளைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இதைச் செய்தார்கள். என்னை விடாமல் பிடித்துக்கொண்டது பிரேசிலின் யானோமாமி மக்களைப் பற்றிய பகுதி. அமேசான் காட்டில் வாழும் அவர்கள் உப்புச் சேர்க்காமல் சாப்பிடுகிறவர்கள். வயது ஏற ஏற ரத்த அழுத்தமும் ஏறும் என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம், இல்லையா? அவர்களுக்கு அது ஏறவே இல்லை! உப்பு மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் மெலிந்த உடலினர், மதுவும் கிடையாது. ஆனாலும் முதுமையோடு கூடவே வருவது என்று நாம் ஒப்புக்கொண்டதை, வேறு விதமாகச் சாப்பிடுகிற ஒரு கூட்டம் பொய்யாக்கிவிட்டதே!

கடிகாரம் முறைக்கிறது. சாப்பாட்டோடு பிணைந்த இன்னொன்றான சர்க்கரை நோய் பற்றியும் ஓரிரு வார்த்தை. சென்னை ஆய்வாளர்கள் முன்நின்று நடத்திய 'இந்தியாப்' ஆய்வின்படி நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு அந்நோய். 21 நாடுகளில் நடந்த 'ப்யூர்' ஆய்வில், வெள்ளைச் சோறு கூடக்கூடச் சர்க்கரை நோயும் கூடியது தெற்காசியாவில்தான் அதிகம். மறுபடி உப்புக்கு வந்தால், அதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்குள். கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி. இந்தக் கணக்கெல்லாம் யாரோ ஒருவர் கதவைத் திறந்து பதில் சொன்னதால் கிடைத்தவை. உங்கள் தெருவுக்கும் எங்களைப் போல யாராவது வருவார்கள். மிக்சரையும் சேர்த்தே சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.