தொழிலூரில் கணித போதனை
(விருதுநகரில் கூடிய நடுநிலைப் பாடசாலை உபாத்தியாயர்களின் முன்னிலையில் செய்த பிரசங்கம்)



ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்களிலும் தொழிற்கல்விப் பிரிவுகளிலும் கணிதம் போதிப்போருக்கு எத்தகைய பயிற்சி வேண்டும் என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பயிற்சி என்றவுடன் பாடக்குறிப்பும் கரும்பலகையும் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவையே; அவற்றைப் பற்றித் தாங்கள் போதுமான அளவு கேட்டிருப்பீர்கள். நான் சொல்லவந்தது வேறொன்று. சிவகாசி, சாத்தூர், விருதுநகர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பிப்பவர், ஒரு விதி எவ்விடத்தில் செல்லும் என்பதோடு, எவ்விடத்தில் செல்லாது என்பதையும் கற்றவராயிருத்தல் வேண்டும்.

நாம் யாவரும் அறிந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். 4 ஆட்கள் ஒரு வேலையை 6 நாளில் முடிப்பார்களானால், 24 ஆட்கள் அதை எத்தனை நாளில் முடிப்பார்கள்? ஒரே நாளில் என்று பையன் விடை எழுதுகிறான். நாமும் சரியென்று கோடிடுகிறோம். ஆனால் அப்பையனின் தாயாரோ தமையனோ பட்டாசுச் சாலையில் வேலை செய்யக்கூடும். வெடிமருந்து புழங்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கலாகாது என்பது அங்குள்ள விதி. இவ்வளவு மருந்துக்கு மேல் வைக்கலாகாது, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி வேண்டும் என்பனவும் அவ்வகையினவே. அந்த அறையில் 24 ஆட்களைப் புகுத்தினால் வேலை ஒரு நாளில் முடியாது, வேறொன்று முடிந்துவிடும். 2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி, நாடெங்கும் ஆசிரியர் தினம் கொண்டாடிய அன்று, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அளவுக்கு மிஞ்சிய ஆட்களும் சரக்கும் அங்கே இருந்தமை பின்னர் வெளியாயிற்று. ஆள்-நாள் கணக்கைப் போதிக்கலாகாதென்று நான் சொல்லவில்லை. ‘இக்கணக்கு எதை அனுமானித்துக்கொள்கிறது? இடம் போதுமா? கருவி போதுமா? ஆட்கள் கூடினால் ஆபத்தும் கூடுமா?’ என்று கேட்காமல் அதைப் போதிக்கலாகாது என்றே சொல்லுகிறேன். இக்கேள்விகளைக் கேட்கும் பழக்கம் உபாத்தியாயருக்குப் பயிற்சியிலேயே ஏற்படாவிட்டால் பிற்பாடு ஏற்படுவது அரிது.

நேர்விகிதத்திலும் இதே சங்கடம் உண்டு. ஒன்று கூடினால் மற்றொன்றும் அதே மடங்கு கூடும் என்று பிள்ளைகள் எங்கும் நம்பிவிடுகிறார்கள். இதற்குச் சரவெடியைக் காட்டிலும் நல்ல மாற்று மருந்து இல்லை. 1999-ம் வருஷத்து மத்திய சர்க்கார் விதிப்படி, தனி வெடியின் ஓசை 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபெலைத் தாண்டலாகாது. சரமாகக் கோத்தால் அவ்வரம்பு வெடிகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி குறைக்கப்படுகிறது. 10 வெடி கோத்தால் 5 குறையும். 100 கோத்தால் எவ்வளவு? 50 என்று வகுப்பு முழுவதும் கூவும். விடை 10. ஆயிரத்துக்கு 15. லாகரிதம் என்ற பெயரே எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வேண்டியதில்லை. பத்தால் பெருக்குந்தோறும் ஐந்து கழிகிறது என்பதை அட்டவணையிலிருந்து தானே கண்டுபிடிப்பான். தொழிற்கல்விப் பிரிவில் அதற்குப் பெயர் சொல்லிக் கொள்ளலாம்.

தீப்பெட்டித் தொழிலில் அபாயம் குறைந்த கணக்குகள் பல இருக்கின்றன. 1923-ம் வருஷத்தையொட்டி ஸ்ரீ அய்ய நாடாரும் ஸ்ரீ சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தொழில் அது. பெட்டிகளைப் பழைய வழக்கத்தில் குரோஸாக, அதாவது 144 ஆக எண்ணுவர். 1934-ம் வருஷத்துத் தீப்பெட்டி வரிச் சட்டமும் குரோஸ் கணக்கிலேயே வரி விதித்தது. வியாபாரத்தில் பண்டல் என்பது 600 பெட்டி. ஆகவே ஒரு பண்டல் எத்தனை குரோஸ்? நாலே ஆறில் ஒன்று. பின்னத்தை இதைவிட இயல்பாக அறிமுகப்படுத்த முடியுமோ? மேலும், ஒரு பெட்டியின் விலை 2007-ம் வருஷத்தில் 50 காசிலிருந்து 1 ரூபாயாயிற்று. 2021 டிசம்பரில் 2 ரூபாயாயிற்று. எந்த உயர்வு பெரிது? ரூபாயில் இரண்டாவது பெரிது. சதவீதத்தில் இரண்டும் நூறே. இரண்டு நூறும் சேர்ந்து இருநூறா என்றால், இல்லை. 50 காசு 2 ரூபாயாவது முந்நூறு சதவீத உயர்வு. சதவீதங்களை வெறுமனே கூட்டலாகாது என்பதை ஒரு தீப்பெட்டி சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

அச்சுத் தொழிலாளரைக் கேளுங்கள். 20 அங்குலத்துக்கு 30 அங்குலமுள்ள தாளில் 6-க்கு 8 அங்குல லேபில் எத்தனை வெட்டலாம்? பரப்பை வகுத்தால் பன்னிரண்டரை வரும். தாளை ஒரு போக்கில் வெட்டினால் 9, திருப்பி வெட்டினால் 10, இரண்டு போக்கையும் கலந்து வெட்டினால் 12. படம் போட்டுப் பாராத உபாத்தியாயர் இங்கே பையனிடம் தோற்பார். பார்த்தவரோ வகுத்தலின் மீதி என்பது கழிவுத் தாளாய்க் கீழே விழுவதைக் காட்டுவார்.

இவ்விதப் போதனை நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி வழியே காணி, முந்திரி வரை, அதாவது எண்பதில் ஒன்று, முந்நூற்றிருபதில் ஒன்று வரை பின்னங்களைப் பிள்ளைகள் வாய்ப்பாடாய் அறிந்திருந்தனர். களத்திலும் கடையிலும் அவை உதவின. 1937-ம் வருஷத்து வார்தா மகாநாட்டுக்குப் பின் வந்த ஆதாரக் கல்வி, கைத்தொழில் வழியே பாடம் என்றது. 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி மந்திரியாயிருந்த ஸ்ரீ அவினாசிலிங்கம் செட்டியார் அதை ஊக்கத்துடன் பரப்பினார். நூற்பு அதன் முக்கியத் தொழில். ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனையோ அதுவே நூலின் நம்பர். ஆகையால் நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும். எதிர்விகிதத்துக்கு அருப்புக்கோட்டைப் பிள்ளைக்கு வேறு உதாரணம் எதற்கு? எனினும் அத்திட்டம் பல இடங்களில் தக்களி சுற்றுவதோடு நின்றது, கணக்கு எடுக்கப்படவில்லை. உபாத்தியாயருக்குத் தொழில் கற்பித்தார்களேயன்றி, தொழிலுக்குள்ளிருக்கும் கணிதத்தைப் பிரித்தெடுக்கக் கற்பித்தது குறைவு. சென்னை முத்தியாலுபேட்டைப் பாடசாலையில் கணித உபாத்தியாயராயிருந்த ஸ்ரீ பி. கே. ஸ்ரீநிவாஸன் (1924–2005) பிற்காலத்தில் காகித மடிப்பையும் கைக்கெட்டும் பொருள்களையும் கொண்டு ஆசிரியர்களைப் பழக்கியது அக்குறையை அறிந்தே என்று கருதுகிறேன்.

ஓர் எச்சரிக்கை. தொழிலூரின் கணக்கைப் போதிப்பது பிள்ளையைத் தொழிற்சாலைக்கு அனுப்புவதற்கன்று. இப்பக்கத்துப் பிள்ளைகள் கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் வளர்ந்த காலம் ஒன்று இருந்தது. சிவகாசியைக் குறித்து எழுந்த வழக்கில் 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு, அபாயத் தொழிலில் சிறுவரை வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென்றது. ஆகவே உபாத்தியாயர் விவரங்களைத் தாமே சென்று சேகரிக்கட்டும். பிள்ளைகளைப் பட்டாசு அறைக்கு அழைத்துச் செல்லவே வேண்டாம். அச்சகமும் நூற்பாலையும் காட்டத்தக்கவை. வீட்டுக்கு வரும் கூலிச்சீட்டு எல்லாவற்றிலும் சிறந்த பாடப்புஸ்தகம். அதில் எண்ணிக்கை, விகிதம், கழிவு மூன்றும் உள்ளன. தாயின் கூலியைச் சரிபார்க்கத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பெண்ணை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

பயிற்சியை எங்ஙனம் நடத்துவது? பாளையம்பட்டியிலுள்ள ஜில்லா ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துக்கு வருவோர், முதல் நாள் கேட்க வேண்டாம்; செல்ல வேண்டும். இருவர் இருவராய் ஓர் அச்சகத்துக்கோ தறிக்கூடத்துக்கோ தீப்பெட்டிக் கிடங்குக்கோ சென்று, அங்கு எண்ணுவோரிடம், எதை எப்படி எண்ணுகிறீர்கள் என்று கேட்டெழுதிவரட்டும். மறுநாள் ஒவ்வொருவரும் மூன்று கணக்கு இயற்றட்டும்: விதி செல்லும் கணக்கொன்று, செல்லாத கணக்கொன்று, விடை ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கொன்று. பிறகு அவற்றை மற்றவர்கள் பிள்ளைகளைப்போல் இருந்து போடட்டும். எங்கே தவறுகிறார்களோ அங்கேதான் பிள்ளைகளும் தவறுவார்கள். தொழிற்கல்வி ஆசிரியர்களும் பொதுப்பாட ஆசிரியர்களும் ஒரே பெஞ்சியில் உட்கார வேண்டும். பட்டறைக் கணக்கு தெரிந்தவருக்குக் காரணம் சொல்ல வராது, காரணம் தெரிந்தவருக்குப் பட்டறை தெரியாது. இரண்டு நாள் போதாதென்பீர்கள். மூன்றாம் நாள், முதல் நாள் சென்ற இடத்துக்கே கணக்குகளை எடுத்துச் சென்று, அங்குள்ளவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.