பத்துக்கு எவ்வளவு, அம்மா?

எரிச்சலூட்டும் சொற்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். ஒருநாள் இரவுப் பணி முடிந்து வருகிறேன். மகள் போனில் யாரிடமோ, "லிட்டரலி செத்துட்டேன்" என்கிறாள். சிரித்ததைத்தான் அப்படிச் சொல்கிறாள். சற்று முன்னால் ஒருவருடைய கண்களை மூடிவிட்டு வந்தவள் நான். சுருக்கென்றது.

மிகைப்படுத்துவதே தப்பு என்று சொல்லவில்லை. பள்ளியில் உயர்வு நவிற்சி அணி என்று படித்தோம். தண்டியலங்காரம் அதையே அதிசய அணி என்கிறது. இயேசுவே ஒட்டகத்தை ஊசிக் காதுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவர்தான். கேட்டவர்கள் யாரும் ஒட்டகத்தை அளக்கப் போகவில்லை. ஆனால் "நீங்க ஒருநாளும் பாத்திரம் கழுவினதில்ல" என்பது அப்படியல்ல. நேற்றுக் கழுவியவருடைய உழைப்பையும் சேர்த்து அது அழித்துவிடுகிறது. அதனால்தான் கோபம் வருகிறது. (எங்கள் வீட்டில் இதைச் சொல்கிறவள் நான்தான்.)

இன்னொன்று, நம் காது கழித்துக் கேட்கப் பழகிவிடுகிறது.

நான் வேலை செய்யும் பிரிட்டனில், நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று பார்க்க நியூஸ் 2 என்ற மதிப்பெண் முறை 2017 முதல் இருக்கிறது. மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவு, காய்ச்சல் என ஆறு அளவுகள். வலி அதில் இல்லை. வலியைத் தனியாக, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டு எழுதுவோம். அதற்கு நோயாளியின் வாய்ச்சொல்தான் சாட்சி.

யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வயிற்றில் அறுவை முடிந்து படுத்திருந்தார். ஊசி குத்தினால் "உயிர் போகுது பிள்ளை." சூப் ஆறிப்போனாலும் உயிர் போகும். மூன்றாம் நாள் இரவு, வலி எவ்வளவு என்று என்னுடன் இருந்த நர்ஸ் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். "பத்துக்குப் பதினைஞ்சு பிள்ளை, உயிர் போகுது." அதைச் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே, "எங்கள் ஆட்கள் இப்படித்தான் பேசுவார்கள், ஐந்து என்று போடு" என்றேன். அவரும் ஐந்து என்று எழுதினார்.

அப்போது ஆறு அளவுகளும் சரியாகவே இருந்தன. இரண்டு மணி நேரத்தில் நாடி ஏறியது, வயிறு பலகைபோல் இறுகியது. விடிவதற்குள் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே தையல் விட்டிருந்தது.

பிழைத்துக்கொண்டார். ஐந்து என்று போடச் சொன்னது நான்தான் என்று பொறுப்பு நர்ஸிடம் சொன்னேன்; எழுதியும் கொடுத்தேன். அந்த அம்மாவிடம் சொல்லத்தான் நாலு நாளாயிற்று. கேட்டுவிட்டு, "நான் சொன்னனான்தானே பிள்ளை" என்றார், அவ்வளவுதான். சூப்புக்கும் அதைத்தானே சொன்னீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகும் நாளில் கடைசியாக ஒருமுறை, பத்துக்கு எவ்வளவு அம்மா என்று கேட்டேன். நிதானமாக யோசித்தார்.

"மூண்டு. மூண்டரை எண்டு போடு."

மூன்றரை என்று எழுத எங்கள் தாளில் இடமில்லை. ஓரத்தில் எழுதினேன்.