கார் கப்பலேறலாம், அரிசி ஏறக் கூடாதா?

(ஆவடியில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



1991-ல் நாட்டின் சந்தைக் கதவைத் திறந்தாங்க. பக்கத்துல ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டையில் செய்யும் செல்போனும் காரும் கப்பலேறுது. 2005-ல் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் போட்டு வரிச்சலுகையும் கொடுத்தாங்க. சரி, நம்ம பிள்ளைகளும் அங்கே வேலைக்குப் போறாங்க.

நமக்கு மட்டும் ஏன் வேற நியாயம்? 2023 ஜூலையில் பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை. அடுத்த மாதமே புழுங்கலரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி. தடை நீங்கியது 2024 செப்டம்பரில்தான். விலைவாசியைக் காரணம் சொன்னாங்க. ஜனங்களுக்கு மலிவா அரிசி கிடைக்கணும், நாமும் அதைத்தான் சொல்றோம். ஆனா அந்தச் செலவு அரசாங்கத்தோடது. நம்ம தலையில் ஏன் கட்டணும்?

விக்கிறதுக்குப் பூட்டு, இறக்குமதிக்குத் திறப்பு! 2025 மே மாதக் கடைசியில், ஆடிப்பட்டத்துக்கு நாம நிலம் உழற நேரத்தில், கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கான அடிப்படை இறக்குமதி வரியை 20-லிருந்து 10 சதவீதமாகக் குறைச்சாங்க. இந்தோனேசியா, மலேசியா எண்ணெய் மலிவா வந்து இறங்கினா நம்ம வேர்க்கடலைக்கு யார் விலை கொடுப்பாங்க?

நாம் கேட்பது இரண்டே:

1. விதைப்புக்கும் அறுவடைக்கும் நடுவே இறக்குமதி வரியைக் குறைக்காதே!
2. ஏற்றுமதிக்குத் தடை போட்டால் விவசாயிக்கு நஷ்டஈடு கொடு!

ஊர் ஊராகக் கையெழுத்து வாங்குவோம். ஆட்சியர் அலுவலகம் முன் திரள்வோம், வாரீர்!