அன்பார்ந்த சக உறுப்பினரே!



பொறியாளனுக்கும் சட்டமன்றக் கடிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். ஆபீஸில் ஒரு திட்டத்துக்கு நாலு பேரிடம் சம்மதம் வாங்க அலைஞ்சவங்களுக்கு இதன் அருமை புரியும்.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்கள் 435 பேர். ஒருவர் மசோதா கொண்டுவந்தால் அது நேரே ஓட்டுக்கு வந்துவிடாது. குழுவுக்குப் போகும், பெரும்பாலானவை அங்கேயே தூங்கிவிடும். அதை எழுப்ப வேண்டுமென்றால் ஆதரவு இருக்கிறது என்று காட்டணும். அதற்காக 435 கதவையும் தட்ட முடியுமா? அதனால் கடிதம் எழுதுகிறார்கள். "அன்பார்ந்த சக உறுப்பினரே" என்ற தொடக்கமே அதற்குப் பெயராகி, 'டியர் கலீக்' கடிதம் என்று நிலைத்துவிட்டது.

பிரச்சினை என்ன, மசோதா என்ன செய்யும், சேர விரும்பினால் யாரைக் கூப்பிடணும், இவ்வளவுதான் விஷயம். ஒரு மசோதாவை எதிர்க்கச் சொல்லியும் இதே மாதிரி கடிதம் வரும்.

1967 வரை அந்தச் சபையில் மசோதாவுக்கு ஒருவர் பெயர்தான். பிறகு 25 பேர் வரை சேரலாம் என்றார்கள். 1979 முதல் அந்த வரம்பும் இல்லை. பெயர் சேர்க்கச் சேர்க்க மசோதாவுக்குப் பலம். ஆகவே கடிதத்துக்கும் மவுசு.

முன்பெல்லாம் அச்சிட்ட தாள் சபையின் உள் தபாலில் அறை அறையாகப் போகும். 2008-இல் இதற்கென்றே மின்னணு ஏற்பாடு வந்தது. வேண்டிய தலைப்பில் மட்டும் கடிதங்களைப் பெறலாம். அனுப்புவது சுலபமாச்சு; குவியலுக்குள் நம்ம கடிதத்தைப் படிக்க வைப்பதுதான் கஷ்டமாச்சு!

அங்கேதான் கையெழுத்து பேசுகிறது. இரு கட்சிக்காரர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடிதம் என்றால், "இது வெறும் கட்சிச் சண்டை இல்லை" என்று படிப்பவருக்கு உடனே தெரியும். எழுதியதற்கு எழுதியவரே பொறுப்பு. தப்பான கணக்கைக் கொடுத்துவிட்டால், அடுத்த கடிதத்தை யார் நம்புவாங்க? பதவி பெரிதில்லாத புது உறுப்பினருக்கு அந்த நம்பிக்கை ஒன்றுதான் கைமுதல்.

நண்பர்களே, வரைபடத்தில் நாம் போடும் கையெழுத்துக்கும் இதுதானே இலக்கணம்? உத்தரவு போடும் அதிகாரம் நம்மில் பலருக்கு இல்லை. சரியான கணக்கோடு, சுருக்கமாக, நம்மோடு ஒத்துவராதவரையும் சேர்த்துக்கொண்டு எழுத யாரும் தடை சொல்லவில்லை. நாளைக்கு ஒரு நல்ல யோசனை தோன்றினால், மேலதிகாரி சொல்லட்டும் என்று காத்திருக்காதீங்க. ஒரு பக்கம் எழுதுங்க.