மாத்திரையை நிறுத்திய பின் திரும்பி வந்த பீதி
(தசலட்சண விழாவையொட்டித் திருமுடிவாக்கத்தில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)

அருகன் திருவடி போற்றி.

 

விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு 'நாற்பது வயதுக்கு மேல் உடல்நலம்' என்பது. சர்க்கரை நோயையும் இரத்தக் கொதிப்பையும் பற்றிப் பேசப் பலர் உளர். ஆனால் கடந்த ஓராண்டில் நம் குடும்பங்களைச் சேர்ந்த மூவர், ஒருவர் அறியாமல் மற்றவர், என்னைத் தனியே அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டனர். "மனப்பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிட்டேன், குணமாயிற்று, நிறுத்திவிட்டேன், இப்போது மறுபடியும் வருகிறது. என்ன செய்வது?" கேட்டு முடித்ததும் மூவரும் சொன்ன அடுத்த சொற்றொடரும் ஒன்றே: "வீட்டில் சொல்லிவிடாதீர்கள்." ஆகவே தலைப்பை மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டினேன், குழுவினர் இசைந்தனர்.

நான் மருத்துவன் அல்லேன். அரசு மருத்துவமனைகளில் 29 ஆண்டுகள் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். "மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்" என்று மருந்துச் சாளரத்தின் வழியே பல்லாயிரம் பேருக்குச் சொன்னவன். அவ்வாறு சொன்னவனே கேட்காமல் நிறுத்தினேன் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த செய்தி.

எனக்கு 52 வயதில் முதல் தாக்கு வந்தது. பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர்ச் சாலையில் ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். அனகாபுத்தூரைத் தாண்டும்போது நெஞ்சு திடீரெனப் படபடத்தது. கைவிரல்கள் மரத்தன. மூச்சு உள்ளே போகவில்லை. 'இதோ, சாகப் போகிறோம்' என்ற உறுதி பிறந்தது. ஐயம் அன்று, உறுதி. மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்தனர், இரத்தம் சோதித்தனர், தைராய்டையும் பார்த்தனர். அனைத்தும் சீராகவே இருந்தன. இதனைப் பேனிக் அட்டாக் என்பர்; நாம் பீதித் தாக்கு எனலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதன்முறை நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால், 'அந்த நயினார் கூட்டத்தில் சொன்னாரே, இது வெறும் பீதி' என்று எவரும் வீட்டில் படுத்துவிடக் கூடாது. இதய நோய் இல்லை என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். நாமே முடிவு செய்யலாகாது. பீதித் தாக்கு உள்ளவருக்கும் இதய நோய் வரலாம். வழக்கத்திற்கு மாறான வலி என்றால் அன்றும் மருத்துவமனைக்கே செல்ல வேண்டும்.

மனநல மருத்துவர் எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம் இரவில் ஒன்று எழுதினார். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்பதால், முதற்சில வாரங்களுக்குக் குளோனசெபாம் என்ற மாத்திரையையும் சிறிய அளவில் தந்து, பின் அவரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். மூன்றாம் மாதத்தில் நான் பழைய மனிதனானேன். பத்தாம் மாதத்தில் தசலட்சண பர்வம் வந்தது.

அவ்வாண்டு இரவுணவு துறத்தலை உறுதியாகக் கடைப்பிடிப்பது என்று விரதம் ஏற்றேன். கதிரவன் மறைந்தபின் நீரும் அருந்துவதில்லை. இரவு மாத்திரை என்ன ஆவது? 'நன்றாகத்தானே இருக்கிறோம், விட்டுவிடுவோம்' என்று ஒரே நாளில் விட்டேன். என் மடமையை எண்ணிப் பாருங்கள். அந்த மாத்திரை நாளுக்கு ஒருமுறை உட்கொள்வது. பெரும்பாலோருக்கு அதனைக் காலையிலும் தரலாம். "காலைக்கு மாற்றிக்கொள்ளலாமா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் விரதமும் நின்றிருக்கும், மருந்தும் நின்றிருக்காது. 29 ஆண்டு மருந்து கொடுத்தவனுக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், தோன்றாமல் இல்லை. விரதம் எனக்கு ஒரு சாக்காயிற்று. மனத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் என்ற பெயரைக் கழற்றிவிட வேண்டும் என்ற அவசரம்தான் உள்ளே இருந்தது.

மூன்றாம் நாள் தலை சுற்றியது. கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் பட்டாற்போல ஓர் அதிர்வு. கனவுகள் கூர்மையாயின. நோன்பின் களைப்பு என்று வீட்டாரிடம் சொன்னேன். இரண்டு வாரங்களில் அவை அடங்கின. வென்றுவிட்டதாக எண்ணினேன். ஒன்பதாம் வாரம் ஓர் இரவு பதினோரு மணிக்குப் பழைய தாக்கு, முன்னிலும் வலிமையாக வந்தது.

இவ்விரண்டும் வெவ்வேறானவை. மருந்தைத் திடீரென விட்ட சில நாள்களில் வரும் தலைசுற்றலும், குமட்டலும், மின் அதிர்வும், காரணமற்ற எரிச்சலும் மருந்து விலகும்போது உடல் தடுமாறுவதன் அறிகுறிகள். பழகிய மருந்து இல்லாமல் நரம்புகள் தம்மைச் சரிசெய்துகொள்ளும் காலம் அது. சிலருக்கு நாள்கள்; சிலருக்கு வாரங்கள்; சிலருக்கு இன்னும் நீளும். பல வாரங்களோ மாதங்களோ கழித்து, பழைய அச்சம் பழைய வடிவிலேயே மெல்லத் திரும்புவது நோயின் மீட்சி. முதலாவதை இரண்டாவது என்று மயங்கி, 'ஆயுள் முழுதும் எனக்கு மாத்திரைதான்' என்று முடிவு கட்டிவிடுவோர் உண்டு. அவர்களுக்கு வேண்டியது ஆயுள் மாத்திரையாக இராது. இன்னும் மெதுவான குறைப்பாக இருக்கலாம். நாம் விட்ட நாள், அறிகுறி தொடங்கிய நாள் ஆகிய இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

குளோனசெபாம், அல்பிரசோலாம், லோராசெபாம், டயசெபாம் ஆகியவை வேறு இனம். தொடர்ந்து உட்கொண்டவர் அவற்றைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரக்கூடும். அல்பிரசோலாம் 2014 முதல் நம் நாட்டில் எச்1 என்னும் கடுமையான அட்டவணையில் இருக்கிறது. மருந்துச் சீட்டு இல்லாமல் விற்பது சட்ட மீறல். ஆயினும் பழகிய கடையில் 'அந்தத் தூக்க மாத்திரை ஒரு பட்டை' என்று வாங்கும் பெரியவர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்கள் இன்று வீட்டுக்குப் போய் அதைக் குப்பையில் எறிய வேண்டாம். மருத்துவரிடம் எடுத்துச் சென்று, குறைக்கும் வழியைக் கேளுங்கள்.

திரும்பி வருதல் எவ்வளவு பொதுவானது? 2017ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 28 ஆய்வுகளை, 5,233 நோயாளிகளின் விவரங்களை, ஒன்றாகத் தொகுத்து வெளியிட்டனர். பதற்ற நோய்கள் பலவற்றுக்கும் மருந்தால் குணமடைந்தவர்கள் அவர்கள். ஓராண்டு வரையிலான காலத்தில், மருந்தைத் தொடர்ந்தவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேருக்கும், மருந்தற்ற வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவருள் ஏறத்தாழ 36 பேருக்கும் நோய் திரும்பியது. இவ்வெண்களை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. நிறுத்துவதில் இடர் உண்டு என்பது ஒன்று. நிறுத்தியவருள் பெரும்பாலோருக்கு அக்காலத்தில் திரும்பவில்லை என்பது மற்றொன்று. ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் சிலருக்குத் திரும்பியது என்பது மூன்றாவது. ஆகவே திரும்பி வந்தால் அதனை மனவலிமையின் தோல்வி என்றோ முன்வினையின் தண்டனை என்றோ எவரும் எவரையும் நோக்கிச் சொல்ல வேண்டாம். சர்க்கரை ஏறியவரை அப்படி நாம் சொல்வதில்லை.

என் கதைக்குத் திரும்புகிறேன். நோய் மீண்டதும் நான் மருத்துவரிடம் போகவில்லை, ஒளியத் தொடங்கினேன். முதலில் ஷேர் ஆட்டோவை விட்டேன். பின் மின்தொடர் வண்டியை விட்டேன். பிறகு திருமண வீடுகளில் பந்திக்கு முன்பே கிளம்பினேன். கடைசியில் ஜினாலயத்தில்கூட வாயிலருகே நின்றே வணங்கினேன். உள்ளே கூட்டத்தில் தாக்கு வந்தால் எப்படி வெளியேறுவது என்ற கணக்கு. விலகிய ஒவ்வோர் இடமும் எனக்கு அன்று நிம்மதி தந்தது. மறுநாள் இன்னோர் இடத்தைப் பறித்தது. பீதி நோயின் மிகப்பெரிய கேடு தாக்கு அன்று, இந்த விலகலே என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

என் மனைவி ஒரு நாள் கேட்டாள்: "நோன்பு முடிந்து நான்கு மாதம் ஆகிறது. நீங்கள் இன்னும் எதைத் துறந்துகொண்டிருக்கிறீர்கள்?" அன்று சொல்லிவிட்டேன். மறுநாள் அவளே உடன் வந்தாள்.

மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. பழைய மருந்தையே 5 மில்லிகிராமில் தொடங்கி ஒரு வாரம் கழித்து 10 ஆக்கினார். முதல் நாள்களில் பதற்றம் சற்று மிகலாம் என்று முன்கூட்டியே சொன்னார். அத்துடன் இம்முறை மருத்துவ உளவியலர் ஒருவரிடமும் அனுப்பினார். அங்கே எனக்குக் கிடைத்தது நான் எதிர்பாராத பயிற்சி. படியில் வேகமாக ஏறி இறங்கச் சொன்னார், நெஞ்சு படபடத்தது. சுழல் நாற்காலியில் சுற்றச் சொன்னார், தலை சுற்றியது. குளிர்பானக் குழல் வழியே மட்டும் ஒரு நிமிடம் மூச்சுவிடச் சொன்னார், திணறியது. எந்த உணர்வுகளைக் கண்டு ஓடினேனோ அவற்றையே நானே வரவழைத்து, அவை என்னைக் கொல்லாமல் தாமே அடங்குவதைப் பார்க்க வேண்டும். அறிவுசார் நடத்தைச் சிகிச்சையின் ஒரு பகுதி இது.

அதன் அடிப்படை எளிது. ஆபத்து என்று மூளை தவறாக மணியடிக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது. அதைக் கண்டு நாம் அஞ்ச, இரண்டாம் முறை மணி அடிக்கிறது. மூச்சை வாங்கி வாங்கி விடுவதால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து விரல் மரக்கிறது, தலை கிறுகிறுக்கிறது, அதற்கும் அஞ்சுகிறோம். இரண்டாம் அச்சத்தை ஊட்டாவிட்டால் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சம் தொட்டு இறங்கிவிடும். ஆஸ்திரேலிய மருத்துவர் கிளேர் வீக்ஸ் இளமையில் தாமே இந்தப் படபடப்பால் துன்புற்றவர். இதயத்துக்கு நோயில்லை, அதைக் கண்டு அஞ்சுவதே அதை விரட்டுகிறது என்று போரிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் சொன்னதில் தெளிவு பெற்று, 1962இல் நரம்புத் தளர்ச்சியுற்றோருக்காக நூல் எழுதினார். எதிர்த்துப் போராடாதே, ஓடவும் ஓடாதே, வருவதை வரவிட்டு அதன்மேல் மிதந்திரு என்பது அவர் காட்டிய வழி.

சாமாயிகம் போதாதா என்று கேட்பீர்கள். நானும் முயன்றேன். பதற்றத்தை விரட்டுவதற்காக உட்கார்ந்த 48 நிமிடமும் நாடியையே எண்ணிக்கொண்டிருந்தேன். மருந்தும் பயிற்சியும் வந்த பிறகுதான் சாமாயிகம் சாமாயிகமாயிற்று. அதனை மாத்திரைக்கு மாற்றாக நிறுத்துவது இரண்டுக்கும் செய்யும் அநீதி.

ஓராண்டுக்கு மேல் மருந்தைத் தொடர்ந்தேன். பின் மருத்துவரே ஏழு மாதங்களில் குறைத்தார். மேலே இருந்து பாதியாக்குவது எளிதாயிருந்தது. கடைசிச் சிறு துண்டுகளை விடுவதற்கே நாள் பிடித்தது. குறைந்த அளவிலும் இம்மருந்து மூளையில் பெரும் வேலை செய்கிறது. ஆகையால் கிணற்றின் அடிப்படிகள் உயரமாயிருப்பதுபோல இறுதிக் குறைப்புகள்தாம் பெரியவை.

நிறுத்திய ஐந்தாம் மாதம், மேல்சித்தாமூர்த் தேர்த்திருவிழாவில், நெரிசலின் நடுவே அது வந்தது. வடத்தை விட்டு மதிலோரம் ஒதுங்கினேன், காருக்கு ஓடவில்லை. தாக்குக்குப் பெயர் சொன்னேன். மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்கினேன். மனைவி பக்கத்தில் நின்றாள். "ஒன்றுமில்லை" என்று அவள் சொல்லவில்லை, "இருக்கிறேன்" என்றாள். எட்டு நிமிடம். பிறகு மீண்டும் வடத்தைப் பிடித்தேன். அதன்பின் இரண்டு முறை வந்திருக்கிறது. அடிக்கடி வரத் தொடங்கினாலோ, மறுபடி இடங்களை விட்டு விலகத் தொடங்கினாலோ மருத்துவரிடம் போவேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மீண்டும் மாத்திரை தந்தால் சாப்பிடுவேன்.

நம் வழக்கங்கள் தொடர்பான இரு செய்திகள் உண்டு. கேப்சூலின் மேலுறை பெரும்பாலும் விலங்கின் எலும்பும் தோலும் கொண்டு செய்த ஜெலட்டின். இதனால் மருந்தையே விட்டவர்களை அறிவேன். பல மருந்துகள் மாத்திரை வடிவிலும் கிடைக்கின்றன. மருத்துவரிடம் கேட்டால் மாற்றி எழுதுவார். நாமாக உறையைப் பிரித்துக் கொட்டிச் சாப்பிடலாகாது. அடுத்து நோன்பு. பதினாறு பாவனைகளுள் 'சக்திக்கு ஏற்ற தவம்' ஒன்று. சக்திக்கு ஏற்ற என்ற அச்சொல் வீணாக வைக்கப்பட்டதன்று. மருந்துண்பவர் உபவாசத்துக்குப் பதில் ஊண் குறைத்தலை ஏற்கலாம். பர்வத்துக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் நேரத்தை மாற்றிக் கேட்கலாம்.

நாம் சிறு சமூகம். ஒருவரின் மாத்திரை மற்றவரின் சம்பந்தப் பேச்சில் வந்து நிற்கும் என்ற அச்சம் பொய்யன்று. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப் பெயரையே ஏளனச் சொல்லாக்கி வைத்த நகரத்தின் ஓரத்தில் வாழ்கிறோம். அதனால்தான் என் பெயரோடும் என் முகத்தோடும் இதை இங்கே சொன்னேன். என் மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வருகிறவர்களிடமும் சொல்லத்தான் போகிறோம்.

நள்ளிரவில் எவரும் இல்லையெனில் 14416 என்ற எண்ணில் நடுவணரசின் டெலி மானஸ் சேவை உண்டு; தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஞாயிறுதோறும் பூஜை முடிந்தபின் நான் முன்மண்டபத்தில் இருப்பேன். எதை நிறுத்துவது, எதைத் தொடங்குவது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மருந்துச் சீட்டைக் கொண்டு வாருங்கள். மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சேர்ந்து எழுதுவோம். எப்படிப்பட்ட கையெழுத்தானாலும் எனக்குப் படிக்க வரும்.